பெரணி இலையின் பழுப்புக் கோடுகள் நோயல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டக் கேள்வி-பதில் பகுதியில் வாசகி ஒருவர், தன் வீட்டுப் பறவைக்கூடு பெரணியின் இலைகளுக்கு அடியில் பழுப்புக் கோடுகள் தோன்றியிருப்பதாகப் படத்துடன் எழுதியிருந்தார். செடியைப் பெருக்க வழி உண்டா என்றும் கேட்டிருந்தார். கோடுகள் துரு நோய் என்றது பதில். பழைய பல் துலக்கும் பிரஷால் சுரண்டிவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்க வேண்டுமாம். அப்படியும் போகாவிட்டால் இலையை வெட்டிவிட வேண்டுமாம். செடியைப் பெருக்க, நர்சரியில் விதை கேட்டு வாங்கலாம் என்று பதில் முடிந்திருந்தது.

பெரணிக்கு விதை கிடையாது. அவர் பெருக்கக் கேட்ட செடிக்கு வேண்டிய பொருள், சுரண்டச் சொன்ன அந்தக் கோடுகளில்தான் இருந்தது. பறவைக்கூடு பெரணி பக்கக்கன்று விடுவதில்லை, ஒற்றைக் குருத்தாகவே வளரும், பிரித்து நட முடியாது. திசு வளர்ப்புக் கூடம் இல்லாதவருக்கு அந்தக் கோடுகளை விட்டால் வேறு வழியே இல்லை. அதனால் இந்தத் திருத்தத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

முதலில், நோயா இல்லையா என்று பார்க்கும் முறை. படத்திலிருந்த கோடுகள் சீப்பின் பற்களைப் போல ஒரே சாய்வில், பக்க நரம்புகளை ஒட்டி, நடு நரம்பில் தொடங்கி ஓரத்துக்குப் பாதி தூரத்தில் நின்றிருந்தன. இலையின் மேல் பாதியில், அடிப்பக்கத்தில் மட்டுமே இருந்தன. எந்த நோயும் இவ்வளவு ஒழுங்காகக் கோடு போடாது. துரு நோயானால் இலையின் மேற்பக்கத்தில் அதே இடங்களில் மஞ்சள் திட்டு தெரியும், திட்டுகள் தாறுமாறாகப் பரவும். செதில் பூச்சியானால் காம்பிலும் இருக்கும், இருபக்கமும் இருக்கும். நகத்தால் நெம்பினால் முழுச் செதிலாகக் கழன்று வரும், இலை பிசுபிசுக்கும், எறும்பு வரும். பெரணியின் கோட்டை நகத்தால் வழித்தால் பழுப்புத் தூள்தான் ஒட்டும். வேப்பெண்ணெய் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். பெரணி இலைகள் பல எண்ணெய்த் தெளிப்பைத் தாங்குவதில்லை. அதுவும் வெயில் நேரத்தில் தெளித்தால் நுனியும் ஓரமும் கருகும். இல்லாத நோய்க்கு மருந்தடித்து இருக்கிற இலையைக் கெடுப்பதாக முடியும்.

அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒரு சோரஸ். நூற்றுக்கணக்கான நுண்ணிய பைகள் நெருங்கி அமர்ந்திருக்கும் கூட்டம் அது. பைகளுக்குள் இருக்கும் நுண்தூள்தான் ஸ்போர், பெரணி பெருகுவது அதனால்தான். மேலே மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கும், முதிர்ந்ததும் ஒரு பக்கமாகத் திறக்கும். பெரணிக்குப் பெரணி இந்த அமைப்பு மாறும், இனத்தை அடையாளம் காண்பதே பெரும்பாலும் இதை வைத்துத்தான். பழைய சுண்ணாம்புச் சுவர்களிலும் கிணற்றின் உட்சுவரிலும் தானாக முளைக்கும் டெரிஸ் விட்டேட்டாவில், சிற்றிலையின் இரண்டு ஓரங்களிலும் கரை போட்ட வேட்டி மாதிரி ஓடும். நெஃப்ரோலெப்பிஸில் சிறுநீரக வடிவச் சவ்வு மூடிய புள்ளிகள். அடியாண்டத்தில் இலையோரமே மடிந்து மூடியாகும், பைகள் அந்த மடிப்பின் உட்புறத்திலேயே இருக்கும். மலைப்பகுதிச் சாலையோரங்களில் வளரும் வெள்ளிப் பெரணியைப் பிள்ளைகள் கையில் அழுத்தி வெள்ளை அச்சு எடுப்பார்கள். அந்த வெண்தூள் வேறு, அது இலை சுரக்கும் மெழுகு போன்ற பூச்சு. அதைத் தூவினால் எதுவும் முளைக்காது. அதே இலையில் வெண்மைக்கு நடுவே கருமையாகத் தெரிவதுதான் வேண்டியது.

'விதை' என்ற குழப்பத்துக்கு கேள்வி-பதில் பகுதியின் பதிலாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. பாடநூல்களில் ஸ்போருக்கு 'வித்து' என்று ஆண்டிருக்கிறார்கள். நிலக்கடலையையும் எள்ளையும் எண்ணெய் வித்து என்று சொல்லும் மக்களிடம் போய், வித்து வேறு விதை வேறு என்றால் யார் நம்புவார்கள்? இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் பெரணியைப் பன்னம் என்றும் ஸ்போரை வித்தி என்றும் எழுதுகின்றன. ஒரே எழுத்து மாற்றத்தில் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. நம் பாடநூல் குழுவினர் கவனிக்கலாம். இக்கடிதத்தில் ஸ்போர் என்றே எழுதுகிறோம். தவறும் புதிதல்ல. ஜமைக்காவில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் லிண்ட்சே பெரணியின் தூளை விதைத்து முளைக்கவைத்து 1794-இல் எழுதிய குறிப்பிலேயே அதை 'விதை' என்றுதான் சொன்னார்.

வேறுபாடு சொல்லில் மட்டும் இல்லை. மாங்கொட்டையைப் பிளந்தால் உள்ளே முளைக்குருத்தும் அதற்குக் கட்டுச்சோறும் இருக்கும். அதாவது ஆண் பெண் சேர்க்கை முடிந்து, கரு உருவாகி, அதற்குப் பிறகுதான் விதை தாய்மரத்தைவிட்டு இறங்குகிறது. ஸ்போர் ஒரே ஒரு செல். கரு இல்லை, சேர்க்கை இன்னும் நடக்கவே இல்லை. பறவைக்கூடு பெரணியின் இலைச் செல்லில் 144 குரோமோசோம்கள் என்றால் ஸ்போரில் 72. பாதிச் சரக்கோடு வெளியே அனுப்பப்படுகிற செல் அது. அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்திக்காவது காய்க்குள் ஒளிந்த பூ உண்டு, பெரணிக்கு அதுவும் கிடையாது.

எண்ணிக்கையால்தான் பெரணி பிழைக்கிறது. ஒரு பையில் பொதுவாக 64 ஸ்போர்கள். கணக்குக்காக, குறைத்தே, ஒரு சோரஸில் 30 பை, ஓர் இலையில் 1,000 சோரஸ் என்று வைத்தால் ஓர் இலைக்கே 19 லட்சத்துக்கு மேல் வரும். அவற்றை எறியும் பொறி தனி விந்தை. பையின் முதுகில் 12 அல்லது 13 செல்கள் வளையமாக நிற்கின்றன. அவற்றின் உட்சுவர் தடித்தது, வெளிச்சுவர் மெல்லியது. காற்று உலர உலர உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, வளையம் பின்னோக்கி வளைந்து பையைக் கிழிக்கும். நீரின் இழுவை ஓர் எல்லையைத் தாண்டியதும் செல்களுக்குள் திடீரெனக் குமிழ் வெடிக்கும், வளையம் கவண்போல் திரும்பி அடிக்கும். ஸ்போர் கிளம்பும் வேகம் நொடிக்கு 10 மீட்டர் வரை என்று அளந்திருக்கிறார்கள். இதனால்தான் ஸ்போர் சேகரிக்கக் காய்ந்த அறை வேண்டும். மழைநாளில் எடுத்த ஈர இலையிலிருந்து ஒன்றும் கொட்டாது.

இனித்தான் பெரும்பாலோர் அறியாத பகுதி. விழுந்த ஸ்போரிலிருந்து பெரணி முளைக்காது. முளைப்பது வேறொரு செடி. முதலில் பச்சை இழை, பிறகு கரண்டி போல விரிந்து, கடைசியில் சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை அகலமுள்ள இதய வடிவத் தகடு. இதன் பெயர் புரோதாலஸ். நடுவில் மட்டும் சற்றுத் தடிப்பு, இரண்டு பக்கமும் ஒரே செல் அடுக்கு. வேர் கிடையாது, அடியில் வேரிழைகள் மட்டும். தண்டும் இல்லை, இலையும் இல்லை. நீரையும் உணவையும் கடத்தும் சைலம், ஃபுளோயம் குழாய்கள் அறவே இல்லை. பெரணி குழாயுள்ள தாவரம் என்று பாடநூல் சொல்வது நாம் காணும் பெரிய செடியைப் பற்றித்தான். அந்தக் குழாய்களின் பலத்தில்தான் நீலகிரியின் மரப்பெரணி ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. அதன் வாழ்வின் மறுபாதியான புரோதாலஸ், பாசியைப் போல ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தால்தான் உயிர்வாழும். ஈரச் சுவரில் மெத்தைபோல் படரும் பாசிகளில் (moss) நாம் பார்க்கும் பச்சைச் செடிதான் பாலணு, அதாவது ஆணணுவும் முட்டையும், உண்டாக்கும் தலைமுறை. ஸ்போர் தலைமுறை அதன் தலைமேல் ஒட்டி வாழும். பெரணியில் இரண்டு தலைமுறையும் தனித்தனியே சொந்தக் காலில் நிற்கும். விதைத் தாவரங்களிலோ பாலணுத் தலைமுறை மகரந்தத் துகளுக்குள்ளும் சூலுக்குள்ளும் சுருங்கிப்போய்விட்டது.

புரோதாலஸின் அடிப்பக்கத்தில் வேரிழைகளுக்கு இடையே ஆண் உறுப்புகளான ஆந்திரிடியங்களும், இதயத்தின் பள்ளத்தை ஒட்டிப் பெண் உறுப்புகளான ஆர்க்கிகோனியங்களும் உண்டாகின்றன. ஆந்திரிடியத்திலிருந்து வெளிவரும் ஆணணு திருகு வடிவில், பல கசை இழைகளோடு, நீந்தத் தெரிந்தது. நீந்த நீர் வேண்டுமே. புரோதாலஸுக்கு அடியில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் அது பெண் உறுப்பின் கழுத்தை அடையும். ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலம் பெரணியின் ஆணணுவை ஈர்க்கிறது என்று ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபெஃபர் 1884-இல் காட்டினார். கருவுற்ற முட்டை அங்கேயே வளர்ந்து, பாதம் ஒன்றை ஊன்றி, சில காலம் புரோதாலஸிடமிருந்து உணவு உறிஞ்சும். முதல் வேரும் முதல் இலையும் வந்தபின் புரோதாலஸ் வாடிப்போகும். இத்தனையையும் மனிதர் கோத்துப் பார்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. லிண்ட்சேக்குப் பிறகு, 1844-இல் நேகெலி ஆணுறுப்பைக் கண்டார், 1848-இல் சுமின்ஸ்கி பெண்ணுறுப்பைக் கண்டார், 1851-இல் ஹோஃப்மைஸ்டர் தலைமுறை மாற்றத்தை விளக்கினார். தொட்டி ஓரத்தில் புரோதாலஸைப் பாசி என்று நினைத்துத் தேய்த்துக் கழுவிவிடுகிறவர்கள் இந்த மூவர் உழைப்பையும் சேர்த்துத்தான் கழுவுகிறார்கள்!

இப்போது, வாசகி கேட்டதற்கான பதில். சோரஸ் வெளிர்பச்சையாக இருக்கும்போது இலையைப் பறித்தால் ஸ்போர் முதிர்ந்திருக்காது. காய்ந்த சணல்போல் பிசிறாகத் தெரிந்தால் கொட்டித் தீர்ந்துவிட்டது. நடுவே, அடர்பழுப்பாகி மூடிச்சவ்வு ஓரத்தில் தூக்கத் தொடங்கும் நாட்களே சரியானவை. கைலென்ஸ் இருந்தால் மினுமினுக்கும் உருண்டைப் பைகள் தெரியும். இலை முழுதும் வேண்டாம், விரல் நீளத் துண்டு ஒன்று போதும். வெறும் நீரில் கழுவி, துடைத்து, நிழலில் ஈரம் போக்கி, சோரஸ் கீழ்நோக்க வழவழப்பான வெள்ளைத் தாளில் வைத்து, அதே தாளை மடித்து உறையாக்குங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது, வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறிக் காற்று படாத உலர்ந்த இடத்தில் 2 நாள் வைத்தால் தாளில் கோடு கோடாகத் தூள் இறங்கியிருக்கும்.

அந்தத் தூள் எல்லாமே ஸ்போர் அல்ல. பாதிக்கு மேல் வெற்றுப் பைகளும் சவ்வும்தான். இதைப் பிரிக்காததுதான் முதல் தவறு, பூஞ்சை முதலில் பிடிப்பது இந்தச் சக்கையில்தான். தாளை மெல்லச் சாய்த்து விரலால் தட்டுங்கள். சக்கை உருண்டு ஓடிவிடும், ஸ்போர் தாளோடு ஒட்டி நிற்கும். முறத்தில் புடைக்கத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த கலை. மீதமாகும் ஸ்போரைத் தாள் உறையிலிட்டு, உலர்ந்த புட்டியில் அடைத்து, குளிர்பெட்டியில் 4 டிகிரி அளவில் வைத்தால் பல இனங்களில் சில ஆண்டுகள்கூடத் தாங்கும். ஆனால் ஆஸ்முண்டா போன்றவற்றின் ஸ்போர் பச்சை நிறம். உள்ளே பச்சையம் விழித்திருக்கும், சாதாரண வெப்பத்தில் வாரக்கணக்கில்தான் உயிர். அவற்றை அன்றே தூவிவிட வேண்டும்.

வளர்க்கும் ஊடகத்துக்கு விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை. தென்னை நார்க்கழிவை உப்புப் போக மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, சம அளவு மெல்லிய ஆற்றுமணலோடு கலந்து, மூடியுள்ள ஒளிபுகும் டப்பாவில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பலாம். இல்லாவிட்டால் நன்கு வெந்த செங்கல் துண்டே போதும். அதை நீர் நின்ற தட்டில் வைத்துக் கண்ணாடிப் புட்டியால் கவிழ்த்து மூடினால் செங்கல் தானாக ஈரம் இழுத்துக்கொள்ளும். எதுவானாலும் பிரஷர் குக்கரில் 30 நிமிடம் ஆவியில் வேகவைத்து, மூடி திறக்காமல் ஆறவிடுங்கள். டப்பா பிளாஸ்டிக்கானால் அதை மட்டும் கொதிநீர் தாங்குமா என்று பார்த்து ஊற்றிக் கழுவுங்கள். இந்த வேகவைத்தலைத் தவிர்த்தவர்களுக்கு ஒரு மாதத்தில் பாசி கம்பளமாக வளர்ந்து நிற்கும், ஸ்போர் அதற்கடியில் மூச்சுமுட்டிப்போகும்.

தூவுவதில் கை தாராளமாகிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. 10 சென்டிமீட்டர் சதுர டப்பாவுக்கு ஊசி முனையில் ஒட்டும் அளவு போதும், கடுகளவு என்பதே மிகை. கூட்டம் அதிகமானால் இடநெருக்கடி மட்டும் அல்ல கேடு. முதலில் வளர்ந்து முதிரும் புரோதாலஸ் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. டோப் என்பவர் 1950-இல் கண்டறிந்த இதற்கு ஆந்திரிடியோஜென் என்று பெயர். பக்கத்திலுள்ள இளையவை அதன் செல்வாக்கில் ஆணுறுப்பு மட்டுமே உண்டாக்கிக் குள்ளமாக நின்றுவிடும். காட்டில் இது நல்ல ஏற்பாடு, அயல் சேர்க்கைக்கு வழி செய்கிறது. டப்பாவில், ஆயிரம் மாப்பிள்ளைக்கு ஒரு பெண் என்ற நிலை. புரோதாலஸ் நெருங்கிவிட்டால் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக இடுக்கியால் எடுத்து, வேகவைத்த புதிய ஊடகத்தில் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் பதித்துவிடுங்கள்.

ஸ்போரை மண்ணால் மூடக் கூடாது. முளைக்க ஒளி வேண்டும். நேர்வெயிலும் ஆகாது, மூடிய டப்பாவுக்குள் வெப்பம் ஏறி ஒரே மதியத்தில் அவிந்துவிடும். வடக்கு நோக்கிய சன்னல் ஓரம், 20 முதல் 25 டிகிரி. சமவெளியில் சித்திரை, வைகாசியில் தொடங்காமல் ஆடி மழைக்குப் பிறகோ ஐப்பசியிலோ தொடங்குவது புத்திசாலித்தனம். இரண்டு மூன்று வாரத்தில் மேற்பரப்பில் பச்சைப் பூச்சு தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் இதய வடிவங்கள் கண்ணுக்குத் தென்படும்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். புரோதாலஸ் மாதக்கணக்கில் செழித்து நிற்கும், ஓரம் மடிந்து சுருளும், ஆனால் பெரணிக் கன்று வராது. காரணம் அநேகமாக எப்போதும் ஒன்றே. ஈரம் இருக்கிறது, நீந்த நீர் இல்லை. அடியிலிருந்து மட்டும் நீர் உறிஞ்சும் அமைப்பில் மேற்பரப்பு ஈரப்பதமாகவே இருந்தாலும் ஆணணு கடக்க வேண்டிய நீர்ப்படலம் உருவாவதில்லை. கொதிக்கவைத்து ஆறிய நீரைத் தெளிப்பானில் ஊற்றி, வாரம் இருமுறை, புரோதாலஸ் நன்றாக நனைந்து மினுங்கும்வரை தெளித்து மூடிவையுங்கள். சில வாரங்களில் இதயத்தின் பள்ளத்திலிருந்து சிறு இலை தலைநீட்டும். அப்படியும் வராவிட்டால் வேறொரு செடியின் ஸ்போரையும் சேர்த்துத் தூவிப் பாருங்கள். ஒரே புரோதாலஸின் ஆணணுவும் முட்டையும் சேர்ந்தால் குரோமோசோம் இரண்டு தொகுதியும் அச்சுப்பிசகாமல் ஒன்றேயாகிவிடும். மறைந்திருக்கும் குறை எதுவானாலும் வெளிப்பட்டுக் கரு கருகும்.

டப்பாவைத் திறந்து திறந்து பார்ப்பவர்களுக்கு வெள்ளைப் பஞ்சுபோல் பூஞ்சை நிச்சயம். வந்தால் அந்தப் பகுதியை ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகச் சேர்த்துக் கரண்டியால் அகற்றுவதே மேல். மருந்து புரோதாலஸையும் சேர்த்துக் கொல்லும். சிறு கறுப்பு ஈக்கள் பறந்தால் அவற்றின் புழு அடியில் புரோதாலஸைத் தின்னுகிறது என்று பொருள், மூடி சரியாகப் பொருந்தவில்லை. கன்றுக்கு மூன்று நான்கு இலை வந்ததும் மூடியை முதலில் விரற்கடை அளவு, பிறகு பாதி என்று 3 வாரத்தில் விலக்குங்கள். ஒரே நாளில் திறந்தால் மாலைக்குள் வதங்கிவிடும், அதுவரை நூறு சதவீத ஈரக்காற்றில் இருந்த இலை அது. தூவிய நாளிலிருந்து சிறுதொட்டிக்கு மாற்றும் நாள்வரை ஒரு வருடம் ஆகலாம். அவசரக்காரர்களுக்குப் பெரணி ஒத்துவராது.

இந்த முறை எந்தப் பெரணிக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டோம். தொங்குதொட்டிகளில் பரவலாக விற்கும் பாஸ்டன் பெரணி 1894 வாக்கில் அமெரிக்காவில் தற்செயலாகக் கிடைத்த மாறுபாடு. அதன் ஸ்போர் முளைப்பதில்லை. அது ஓடுதண்டு விட்டுத் தானே பக்கக்கன்று கொடுக்கும், அதைப் பிரித்து நடுங்கள். டெரிஸ் கிரெட்டிக்காவில் சேர்க்கையே இல்லாமல் புரோதாலஸின் திசுவிலிருந்து நேரே கன்று முளைக்கும். ஃபார்லோ 1874-இல் இதைக் கண்டார். இவ்வகைப் பெரணிகளின் பையில் 64-க்குப் பதில் 32 ஸ்போர்கள்தான், அவை பாதிச் சரக்கல்ல, முழுச் சரக்கு. நீர்ப்படலத்தைப் பற்றிய கவலை இல்லாததால் புதிதாகத் தொடங்குவோருக்கு இதுவே எளிது. பூங்கொத்துகளில் செருகும் மெல்லிய 'ஆஸ்பராகஸ் ஃபெர்ன்' பெரணியே அல்ல. வெள்ளைப் பூவும் உருண்டைப் பழமும் விடும் பூக்கும் தாவரம், நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. நர்சரியில் 'ஃபெர்ன் விதை' என்று எதையாவது கொடுத்தால் பெரும்பாலும் அதன் விதையாகத்தான் இருக்கும். கேரளத்திலும் இலங்கையிலும் நீர்நிலைகளை மூடிய சால்வீனியா மொலெஸ்டா இன்னும் விசித்திரம். அது ஐந்து தொகுதி குரோமோசோம் கொண்ட மலட்டுக் கலப்பு. ஸ்போர் வேலை செய்யாது. ஒடிந்த துண்டுகளாலேயே ஏரி ஏரியாகப் பரவிவிட்டது. மாட்டுத்தீவனத்துக்கு வளர்க்கும் அசோலாவும் பெரணிதான், அதுவும் அன்றாடம் பெருகுவது துண்டாகித்தான்.

மாணவர்களுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. வயலிலும் குளக்கரையிலும் கிடைக்கும் ஆராக்கீரை போதும். நான்கு சிற்றிலை கொண்டது ஆரை. மூன்று சிற்றிலை இருந்தால் அது புளியாரை, வேறு குடும்பம். நீர் வற்றும் காலத்தில் ஆரையின் இலைக்காம்பின் அடியில் அவரைவிதை மாதிரி, மிளகளவில், கறுத்த கெட்டியான உருண்டைகள் கிடைக்கும். உள்ளே ஆண், பெண் என இருவகை ஸ்போர்கள். முதிர்ந்து காய்ந்த ஒன்றை எடுத்து, ஓட்டின் விளிம்பில் பிளேடால் சிறு கீறல் போட்டு, கண்ணாடிக் கிண்ணத்து நீரில் போடுங்கள். கீறாமல் போட்டால் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும், ஓடு அவ்வளவு இறுக்கம். கீறியதில் ஒரு பாடவேளைக்குள் ஜவ்வரிசிக் கூழ்போன்ற புழு ஒன்று சுருள் பிரிந்து வெளிவரும், அதன் இருபக்கமும் சோரஸ்கள் வரிசையாக. பெண் ஸ்போர் வெண்புள்ளிகளாக வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒரு நாளில் கருவுறுதல் முடிந்து, சில நாளில் பச்சை முளை வந்துவிடும். விலைக்கு வாங்கிய கண்ணாடி வில்லையில் சிவப்புச் சாயமேற்றிய புரோதாலஸைக் காட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் சூப்புக்கு விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு உண்மையில் கிழங்கல்ல, டிரைனேரியா என்ற பெரணியின் படரும் தண்டு. ஆட்டுக்கால் ரோமம்போல் தெரிவது அதன் செதில்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் இதற்கு இருவகை இலை. அடியில் ஓடுபோல் காய்ந்து நிற்பது சருகு சேர்த்து எருவாக்கிக்கொள்ள. அதில் ஸ்போர் இருக்காது. நீண்டு பச்சையாக நிற்பதில்தான் புள்ளி புள்ளியாகச் சோரஸ் வரும். பச்சை இலை விடுமுன் தண்டையும் முனையோடு வெட்டி விற்றுவிட்டால் அந்தப் பாறையில் அடுத்த தலைமுறைக்கு இரண்டு கதவும் அடைபடும். வாங்கியவர்கள் முனைக்குருத்து உள்ள 6 சென்டிமீட்டர் துண்டை மட்டும் எடுத்துவைத்து, தென்னைமட்டையில் நாரால் கட்டி, நிழலில் நீர் தெளித்து வந்தால் பிழைக்கும். மண்ணில் புதைத்தால் அழுகும்.

இந்தக் கடிதத்தை வெளியிடும்போது கேள்வி கேட்ட வாசகிக்கு இதையும் தெரிவித்துவிட வேண்டுகிறோம். சுரண்டிய இலை கிழியாமல் பச்சையாக இருந்தால் வெட்ட வேண்டாம், செடிக்கு அது உணவு சமைத்துக்கொண்டுதான் இருக்கும். அடுத்த இலையில் கோடுகள் வரக் காத்திருக்கலாம். சுரண்டிய தூள் தொட்டி மண்ணிலோ, தொட்டியின் ஈரமான வெளிச்சுவரிலோ விழுந்திருந்தால், அடுத்த இரண்டு மூன்று மாதம் அங்கே தோன்றும் பச்சைப் பூச்சைப் பாசி என்று தேய்த்துக் கழுவாமல் விடவும். தினமும் காலையில் லேசாக நீர் தெளித்தால் போதும்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர்கள் இருவர்,
திருநெல்வேலி